நாற்பது நாள் முன்னால் பிறந்தவள்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவளுடைய அப்பாவின் புளுகு முப்பத்தெட்டு வருஷம் தாங்கியது. ஜவுளிக்காரர் அல்லவா, எதையும் முறுக்கு நூலில்தான் நெய்வார்.

சங்கதி இதுதான். அவளைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று வயது நாற்பது நாள் இடித்தது. ஜூன் ஒன்றாம் தேதிக்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பது பள்ளிச் சட்டம். அவளோ ஜூலை பதினொன்றில் பிறந்தவள். "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார் தலைமையாசிரியர். பேரம் பேசாமல் ஒரு பொத்தானைக்கூட வாங்கியறியாத அப்பா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரை மணி கழித்து வெளியே வந்தபோது மகள் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவளாகியிருந்தாள். "ஒரு வருஷம் மிச்சம்" என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பிறந்தநாள், காகிதத்தில் ஒரு பிறந்தநாள். ஒரே தெருவில் குடியிருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமலே காலத்தை ஓட்டின. நேருக்கு நேர் அவை முட்டிக்கொண்டது அவளுடைய நாற்பத்து மூன்றாவது வயது நிறைந்த ஜூலை பதினொன்றாம் தேதி, காலை எட்டரை மணிக்கு, ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில்.

அவள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அது என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி ஓய்ந்துபோயிருந்தாள். "பிசியோவா?" என்பார்கள். இல்லை. "ஆளுங்களுக்கு வேலை வாங்கித் தர்றதாம்ல?" என்று சித்தப்பா ஒருவர் மகனுடைய சான்றிதழ்களோடு வந்தே விட்டார். அடிபட்டவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் மறுபடி பொத்தான் போட, கரண்டி பிடிக்க, கையெழுத்துப் போட, விட்ட தொழிலுக்குத் திரும்ப வழி செய்கிற வேலை. அதிலும் அவளுக்குக் கைதான் தனிப் பாடம். அறுந்த விரல், நசுங்கிய விரல், மடங்க மறுக்கிற விரல் எல்லாம் அவளிடம்தான் வரும். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் கைக்காரம்மா என்றே பெயர்.

இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வாங்குவது பிரசவம். வைத்திருப்பது பிள்ளை வளர்ப்பு. நாலரை வருஷப் படிப்பு, ஆயிரம் மணி நேரப் பயிற்சி, ஒரு நாள் முழுக்கத் தேர்வு என்று பெற்றெடுத்தால் மட்டும் போதாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, இருபத்துநாலு மணி நேரம் புதிதாகப் படித்ததற்குச் சான்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அவள் முப்பது மணி நேரம் படித்து வைத்திருந்தாள். வியாபாரி வீட்டுப் பெண். கொசுறு போடாமல் எதையும் நீட்ட வராது.

இதுவரை எல்லோருடைய லைசென்ஸும் டிசம்பர் கடைசியில்தான் முடிந்தது. ஒரே நாளில் கூட்டம் நெரிகிறது என்று, லைசென்ஸ் கொடுக்கிற கவுன்சில் இந்த முறை ஏற்பாட்டை மாற்றியிருந்தது. "இனி உங்கள் லைசென்ஸ், உங்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாளோடு முடியும்" என்று கடிதம் வந்தது. நல்லதாய்ப் போயிற்று, பிறந்தநாள் அன்று காலையிலேயே புதுப்பித்துவிடலாம், மறக்காது என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் அன்று காலை, நோயாளிகள் வருமுன் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

திரையில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பில் இருந்தது: காலாவதி. ஜூன் 30.

முதலில் கணினியைத் திட்டினாள். பிறகு பெயரைச் சரிபார்த்தாள். பிறகு பெயருக்குக் கீழே இருந்த பிறந்த தேதியைப் பார்த்தாள். ஜூன் 1.

பிறந்த மாதம் என்று படித்ததும் அவள் மனசு வீட்டு மாதத்துக்குத்தான் போயிருந்தது. யாருக்குத்தான் போகாது? எப்போது பிறந்தாய் என்று கேட்டால் எவராவது எழுந்து போய்ச் சான்றிதழைப் பார்த்துவிட்டா பதில் சொல்கிறார்கள்? ஆனால் பத்து நாள் போய்விட்டது. பத்து நாளில் ஐம்பத்தாறு கைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் கையெழுத்து, தேதி, லைசென்ஸ் எண். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்கு இவ்வளவு சுத்தமான சாட்சியை எந்தக் குற்றவாளியும் தானே தயாரித்து வைத்திருக்கமாட்டான்.

மறைக்கலாம் என்று தோன்றுமுன்பே கண்காணிப்பாளருக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க ஒரு பேஷண்டையும் தொடக் கூடாது. யோசனைகூடச் சொல்லக் கூடாது. கவுன்சிலுக்குப் போயிட்டு வாங்க. புரியுதா?"

"புரியுது சார்."

"தொட்டீங்கன்னா நான் உங்களைத் தெரியாதும்பேன்."

போனை வைத்துத் திரும்பினால் கதவில் பூட்டுக்காரர்.

பூட்டுக்காரர் என்றால் பூட்டு பழுது பார்ப்பவர். கடைவீதி முனையில் சாவி செய்கிறவர். உடைந்த கண்ணாடிக் கதவு ஒன்று அவருடைய வலது உள்ளங்கையைக் குறுக்கே அறுத்து, நடுவிரலையும் மோதிர விரலையும் இழுக்கிற நாண்களைத் துண்டித்திருந்தது. அறுவை வைத்தியர் தைத்துக் கொடுத்து இது நாலாவது வாரம். வெளியே தழும்பு ஆறியிருந்தாலும் உள்ளே தையல் பச்சை. மணிக்கட்டும் விரல்களும் முன்னால் குனிந்தே இருக்கும்படி, புறங்கைமேல் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வார்த்துக் கட்டியிருந்தாள். ஸ்ப்ளிண்ட் என்பது அதுதான். குனிந்த கை நிமிர்ந்தால் தையல் பிய்ந்துவிடும். பிய்ந்தால் மறுபடி கத்தி, மறுபடி ஆறு மாசம். சாவி பிடிக்கிற கைக்கு அது பெரிய காலம்.

"மேடம், சட்டை பெரிசாயிடுச்சு" என்று கையை நீட்டினார் பூட்டுக்காரர். வீக்கம் வற்றிவிட்டது, ஸ்ப்ளிண்ட் தொளதொளவென்று மணிக்கட்டில் நழுவியது. "ராத்திரி தூக்கத்துல கழண்டே போச்சு. நல்லவேளை, வீட்டுக்காரி பார்த்துட்டா. என் கைக்கே ஒரு பூட்டு போடணும் போல."

அவள் கை தன்னால் முன்னே போனது. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"உட்காருங்க. ஒரு நிமிஷம்."

நகரத்தின் மறுகோடியில் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அங்கே கைக்கென்று இருந்த ஒரே ஆள் வியாழக்கிழமை பார்க்கலாம் என்றார். இன்று செவ்வாய். அதுவரை இந்த ஸ்ப்ளிண்டோடு விட முடியாது. இரண்டு இரவு, ஒரு கெட்ட கனவு போதும்.

இதே பிரிவில் லைசென்ஸ் உள்ள இன்னொரு ஜீவன் சின்னவள். வேலைக்கு வந்து எட்டு மாசம். குழந்தைகளுக்கான அறையில் ஊஞ்சலும் களிமண்ணுமாக இருப்பவள். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் கண் விரிந்தது.

"நான் பண்றேன்க்கா. காலேஜ்ல ரெண்டு ஸ்ப்ளிண்ட் பண்ணியிருக்கேன்."

"எதுக்குப் பண்ணின?"

"எலும்பு முறிஞ்சவங்களுக்கு."

இது வேற, என்று வாய் வரை வந்தது. யோசனைகூடச் சொல்லக் கூடாது. "ஃபைல்ல எல்லாம் எழுதியிருக்கேன். நிதானமா ரெண்டு தடவை படி" என்று மட்டும் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

அங்கிருந்து நகர்ந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். இந்தத் தொழிலில் முதல் பாடமே கையைப் பின்னால் கட்டுவதுதான். நோயாளி பொத்தானோடு பத்து நிமிஷம் மல்லாடட்டும், நீ போட்டுவிடாதே. அவள் கட்டிய கை பதினெட்டு வருஷம் பழகிய கை. பார்த்தவர்கள் கல்நெஞ்சக்காரி என்று சொன்னபோதெல்லாம்கூட அவிழ்ந்ததில்லை.

உள்ளே சின்னவள் ஃபைலைப் படித்தாள். நல்லது. மறுபடி படித்தாள். மிக நல்லது. புதுத் தகட்டை வெட்டிச் சுடுநீர்த் தொட்டியில் போட்டாள். பால் வெள்ளையாக இருந்த தகடு மெல்லத் தெளிந்து கண்ணாடியானது, அதுதான் பதம். துண்டில் ஒற்றி எடுத்தாள். பூட்டுக்காரரின் பழைய ஸ்ப்ளிண்டை அவிழ்த்து, கையைப் பத்திரமாக மேஜைமேல் குனிய வைத்தாள். எல்லாம் சரி. சுடச்சுடத் தகட்டைப் புறங்கைமேல் விரித்தாள். இனி ஒன்றரை நிமிஷத்தில் அது இறுகிவிடும்.

அவசரம் வந்தால் மூளை படித்ததை விட்டுவிடும். கை பழகியதைத்தான் செய்யும். சின்னவளின் கை எலும்பு முறிவில் பழகிய கை. முறிந்த மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தித்தான் வார்ப்பார்கள். அவளுடைய இடது கை பூட்டுக்காரரின் உள்ளங்கைக்கு அடியில் போயிற்று. மணிக்கட்டை மேலே தள்ள ஆரம்பித்தது.

"நிறுத்து!"

குரல் முன்னால் போனதா கை முன்னால் போனதா என்று அவளுக்கே தெரியவில்லை. கதவு சுவரில் மோதியது. பூட்டுக்காரரின் மணிக்கட்டு அவள் பிடிக்குள் வந்து, முன்னால் குனிந்துவிட்டது. சின்னவள் சூடுபட்டவள்போலக் கையை எடுத்துக்கொண்டாள். ஒரு விநாடி. அவ்வளவுதான் ஆயிற்று. ஆபத்து தீர்ந்தது.

அங்கேயே விட்டிருக்கலாம். தகடு வீணானால் வேறு தகடு இருக்கிறது; சின்னவள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி செய்திருப்பாள். ஆனால் தகடு கையின் கீழே வெதுவெதுப்பாக, இன்னும் பேச்சுக் கேட்கிற பக்குவத்தில் இருந்தது. அவள் விடவில்லை. விரல் முட்டிகளை அறுபது பாகைக்கு அழுத்தினாள். முட்டிக்கு மேலே விரல்களை நேராக்கினாள். தன் பெருவிரலை முட்டிகளுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் கொடுத்து, ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினாள். அறுபது வரை எண்ணினாள். எடுத்தபோது ஸ்ப்ளிண்ட் அச்சு வார்த்தாற்போல் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் அவள் பெருவிரல் பதிந்த சின்னக் குழி.

"என்ன மேடம், கடைக்குள்ள திருடன் பூந்த மாதிரி வந்தீங்க" என்றார் பூட்டுக்காரர். நிறம் வெளுத்திருந்தது.

சின்னவள் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்க தொடக் கூடாதே."

"தெரியும்."

"நான் என்னன்னு எழுதறது?"

சின்னவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'ஸ்ப்ளிண்ட் மாற்றப்பட்டது' என்று எழுதினாள். யார் மாற்றியது என்று இல்லை. உலகத்தில் பாதிக் காரியம் அப்படி ஆள் இல்லாமல்தான் நடக்கிறது.

*

அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்து காரில் ஏற்றிக்கொண்டான். அப்பாவின் ஜவுளிக்கடையை இப்போது நடத்துகிறவன். மீசையில் பாதி வெளுத்தும் தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். வழி நெடுக அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, சிவப்பு விளக்கில் நின்றபோது சிரித்தான்.

"அப்பா அன்னிக்கு நாப்பது நாள் பேரம் பேசினாரே, கொஞ்சம் இறங்கி வந்து பத்து நாளோட முடிச்சிருந்தா, நீ இன்னிக்கும் ஜூலைக்காரியா இருந்திருப்ப."

"சிரிக்காதேண்ணா. லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற எதுவும் தெரியாது."

"போகாது. நான் சொல்றதைக் கேளு. துணி விரிக்கிறப்ப என்ன பண்ணுவோம்? நல்ல பக்கத்தைத் தாராளமா விரிப்போம். அந்தப் பத்து நாளை நீயே விரிச்சுக் காட்டு. தெரியாம நடந்தது, ஒத்துக்கறேன்னு சொல்லு. உருகிடுவாங்க. ஆனா காலையில நடந்த அந்த ஒரு நிமிஷம் இருக்கே, அது பூச்சி அரிச்ச ஓட்டை. அதை உள்பக்கமா மடிச்சுடு."

"மடிச்சா?"

"மடிச்சா இல்லை. பூட்டுக்காரர் சொல்லப் போறாரா? சின்னப் பொண்ணு சொல்லப் போறாளா?"

அவள் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணன் சொன்னதில் ஓர் இழைகூடப் பிசகு இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கவுன்சில் அலுவலகம் ஒரு வங்கிக்கு மேலே இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட எழுத்தர் ஒரு படிவத்தைத் தள்ளினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பென்சிலால் ஏழாம் கேள்வியைத் தட்டினார். காலாவதியான பின் தொழில் செய்தீர்களா? ஆம், இல்லை.

"இல்லைன்னு போட்டீங்கன்னா தாமதக் கட்டணம். பத்து நிமிஷத்துல கையில லைசென்ஸ். ஆம்னு போட்டீங்கன்னா விசாரணைக் குழு. குழு இன்னிக்கு உள்ளதான் உட்கார்ந்திருக்கு, மாசத்துல ஒரு நாள். நான் எதுவும் சொல்லலை."

"இவர் நம்ம ஆள்" என்று முணுமுணுத்தான் அண்ணன்.

ஐம்பத்தாறு கைக்குக் கீழே அவள் கையெழுத்து இருந்தது. ஆம் என்று போட்டாள். எழுத்தர் பெருமூச்சு விட்டு, அந்தப் பெருமூச்சோடேயே படிவத்தை உள்ளே எடுத்துப் போனார்.

உள்ளே நீள மேஜை, மூன்று பேர். மூவரும் இதே தொழில்காரர்கள். நடுவில் இருந்த தலைவிக்கு அறுபது வயது இருக்கும், கத்தரித்த நரைமுடி, மேஜைமேல் வைத்த கைகள் ஆடாமல் இருந்தன. கூட ஒருவர் வரலாம் என்றதும் அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவளுக்குச் சட்டென்று அப்பா ஞாபகம் வந்தது.

"அம்மா, ஒரு நியாயம் கேக்கறேன்" என்று ஆரம்பித்தான். "பிறந்த மாசத்தோட முடியும்னு நீங்கதானே எழுதினீங்க? என் தங்கச்சி நிஜமாவே பிறந்தது ஜூலையில. நான் அன்னிக்கு வாசல்ல பம்பரம் விட்டுக்கிட்டிருந்தேன், நானே சாட்சி. அப்படிப் பார்த்தா லைசென்ஸ் இந்த மாசம் முப்பத்தொண்ணு வரைக்கும் உயிரோட இருக்கு. நாங்க முன்கூட்டியே வந்திருக்கோம்."

தலைவி சிரிக்காமல் கேட்டார்: "அப்ப ஜூன் ஒண்ணுங்கிறது பொய்யா?"

"பொய்யின்னு இல்லை. கொஞ்சம் முன்னால தள்ளி..."

"அந்தத் தேதியிலதான் பள்ளிக்கூடம், பட்டம், லைசென்ஸ் எல்லாம் வாங்கியிருக்காங்க. அது பொய்யின்னு எழுதிக் கொடுங்க. எல்லாத்தையும் முதல்லேர்ந்து பார்த்துடலாம். பத்து நாளுக்காகப் பதினெட்டு வருஷத்தைத் தராசுல வைக்கணுமா?"

அண்ணன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிக்கொண்டான். பரம்பரையில் முதல் முறையாகப் பேரத்தில் ஒருவன் பின்வாங்கிய இடம் அது.

தலைவி அவள் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "மாசம் மாறிப்போனதுல நீங்க நாலாவது ஆள். எங்க கடிதமும் சரியில்லை, தேதி போட்டிருக்கணும். தெரியாம நடந்தது, நீங்களாவே வந்து சொல்லியிருக்கீங்க. எச்சரிக்கையும் கட்டணமும் போதும்னு நினைக்கிறேன்." இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு பக்கமும் தலை ஆடியது. பேனா மூடியைத் திறந்தார். "கடைசியா ஒரு கேள்வி, வழக்கமா கேக்கறதுதான். இன்னிக்குக் காலையில தெரிஞ்ச பிறகு யாரையும் தொடலையே?"

பேனா முனை காகிதத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. மேஜைக்கடியில் அண்ணனின் செருப்பு அவள் காலை அழுத்தியது. இல்லை என்ற ஒரு சொல் போதும். அதைக்கூடச் சொல்ல வேண்டாம். தலையை ஆட்டினால் போதும்.

அவளுக்குச் சின்னவளின் பேனா ஞாபகம் வந்தது, கடித்த நுனியோடு. நாளைக்கு யாராவது அந்த ஃபைலைப் புரட்டி யார் மாற்றியது என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? எட்டு மாச லைசென்ஸ். அதன்மேல் ஒரு பொய்யை ஏற்றி வைத்தால் எத்தனை வருஷம் சுமப்பாள்? ஐந்து வயதில், விவரம் தெரியாத தலைமேல் ஏற்றிய ஒன்றை முப்பத்தெட்டு வருஷம் சுமந்தவளுக்கு அந்தக் கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"தொட்டேன்" என்றாள். "ஒரு நிமிஷம்."

செருப்பு விலகியது. அண்ணன் கூரையைப் பார்த்தான்.

அவள் சொன்னாள். நாலாவது வாரம், இரண்டு நாண், வற்றின வீக்கம், தெளிந்த தகடு, மேலே எழும்பின மணிக்கட்டு. சொல்லச் சொல்ல, எதிரே இருந்த மூவரின் கைகளும் மேஜைமேல் மெல்ல மாறியதைப் பார்த்தாள். மணிக்கட்டு என்று சொன்னபோது மூன்று மணிக்கட்டுகள் முன்னால் குனிந்தன. அறுபது பாகை என்று சொன்னபோது மூன்று பேரின் முட்டிகளும் அறுபதுக்கு மடங்கின. அவர்களுக்கே தெரியாது. தலைவி மட்டும் குனிந்து தன் கையைப் பார்த்துவிட்டு, அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நீங்க தொடறதுக்கு முன்னாடி முட்டி எவ்வளவு மடங்கியிருந்துச்சு?"

"முப்பதுகூட இல்லை."

"நிறுத்துன்னு கத்தியிருந்தா போதாதா?"

"கத்தினேன். கையும் போயிடுச்சு."

"அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். விழற ஆளைப் பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். பிடிச்சு, குனிய வெச்சாச்சு. அது ஒரு விநாடி. மிச்சம் ஐம்பத்தொன்பது விநாடி என்ன பண்ணினீங்க?"

தப்பிக்க அதில் ஒரு சந்து இருந்தது. தகடு வீணாகும், நோயாளி பயந்துவிட்டார், சின்னவள் நடுங்கினாள் என்று எதையாவது சொல்லி நுழைந்திருக்கலாம். அவள் நுழையவில்லை.

"அது நான் பண்ணின வைத்தியம்" என்றாள். "விட மனசு வரலை."

கீழே வங்கியில் எண் கூப்பிடுகிற மணி அடித்தது. தலைவி எழுதினார். எழுதியதைப் படித்தார்: பத்து நாளுக்கு எச்சரிக்கை. இன்றையதற்கு மூன்று மாசம் லைசென்ஸ் நிறுத்தம். அதன்பின் மூன்று மாசம், லைசென்ஸ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் மட்டும் வேலை.

அண்ணனால் தாங்க முடியவில்லை. "பத்து நாளைக்கு ஒண்ணுமில்லை, ஒரு நிமிஷத்துக்கு மூணு மாசமா? எந்த ஊர் தராசும்மா இது?"

"ஐம்பத்தொன்பது விநாடிக்கு" என்று திருத்தினார் தலைவி. "பத்து நாள் தெரியாம பண்ணினது. இது தெரிஞ்சே பண்ணினது." பிறகு அவளிடம், "உங்க ஆஸ்பத்திரியில மேற்பார்வை பார்க்க யார் இருக்காங்க?"

"ஒரே ஒருத்திதான். சின்னவ."

தலைவியின் உதட்டோரம் அப்போதுதான் அசைந்தது. "காலையில அவளை ரொம்பத் திட்டாம இருந்திருப்பீங்கன்னு நம்பறேன்."

அன்று சாயங்காலமே, நடந்ததைக் கேட்ட சின்னவள் ஃபைலை வாங்கி, 'மாற்றப்பட்டது' என்பதை ஒரே கோட்டால் அடித்து, யார் எந்த விநாடியில் என்ன செய்தார்கள் என்று முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போனில் அதை வாசித்துக் காட்டியபோது அழுதாள்; ஆனால் ஒரு சொல் விடாமல் வாசித்தாள்.

*

லைசென்ஸ் இல்லாத கைக்காரம்மா அண்ணன் கடையில் துணி மடித்தாள். அண்ணன் முதல் வாரம் அவளோடு பேசவில்லை. இரண்டாவது வாரம், "உண்மை பேசற ஆளைக் கல்லாப் பக்கம் விடக் கூடாது" என்று சொல்லிச் சட்டைத் துணிப் பகுதிக்கு அனுப்பினான். அங்கே அவள் நன்றாகவே விற்றாள். வாடிக்கையாளர் துணியை மடக்கிப் பிடிக்கிற விதத்திலேயே யாருக்கு எந்த விரல் வலிக்கிறது என்று தெரிந்தது, சொல்லத்தான் முடியவில்லை. நாக்கையும் பின்னால் கட்டப் பழகிக்கொண்டாள்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி மத்தியானம் பூட்டுக்காரர் வந்தார். இடது கையில் ஒரு பை. அதிலிருந்து பழைய ஸ்ப்ளிண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெருவிரல் குழி மேலே தெரிந்தது.

"கழட்டி மூணு வாரம் ஆச்சு மேடம். தூக்கிப் போட மனசு வரலை. உங்க முத்திரை இருக்குல்ல." வலது கையை மேஜைமேல் நீட்டினார். "பார்த்துச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

கை கிட்டே இருந்தது. ஒரு முழத்துக்கும் குறைவு. அவளுடைய கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. கல்லாவிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"நான் பார்க்கக் கூடாது. சின்னவகிட்ட கேளுங்க."

"கேட்டாச்சு. நீங்க ஒரு வார்த்தை..."

"இது துணிக்கடைங்க" என்றாள். "துணி வேணுமா?"

பூட்டுக்காரர் அவளைப் பார்த்தார். நாற்பது வருஷம் பூட்டோடு பேசியவர். எது எங்கே திறக்காது என்று தெரிந்தவர். "சரி. ஒரு சட்டைத் துணி காட்டுங்க."

அவள் நீலத்தில் ஒன்றை எடுத்து விரித்தாள். "தொட்டுப் பாருங்க" என்றாள். எந்தக் கடைக்காரரும் சொல்கிற சொல்தான்.

அவர் வலது கையால் துணியை அள்ளினார். சுட்டுவிரல் மடங்கியது. நடுவிரல் மடங்கி உள்ளங்கையைத் தொட்டது. மோதிர விரல் வந்தது, வந்தது, தொடுமுன் நின்றுவிட்டது. ஓர் அரிசி நீளம் இடைவெளி. உள்ளே நாண் தழும்போடு ஒட்டுகிறது. இப்போது கவனித்தால் விடும். இன்னும் ஒரு மாசம் போனால் விடாது. சின்னவள் பார்த்திருப்பாளா? அவள் தொண்டை வரை சொல் ஏறி வந்தது. சொல்லுகிற அந்த ஒரு விநாடிக்கு மன்னிப்பு உண்டு. அடுத்த விநாடியிலிருந்து கணக்கு ஆரம்பம். மறுபடி பின்னால் போயிருந்த கைகள் ஒன்றை ஒன்று நெரித்தன.

"இந்த விரல்தான் கொஞ்சம் சோம்பேறி" என்றார் பூட்டுக்காரர், துணியை விடாமலே. "சின்ன மேடம் போன வாரமே கண்டுபிடிச்சுட்டாங்க. அளவுகோல் வெச்சு அளக்கறாங்க. ஆறு மில்லிமீட்டராம். அடுத்த செவ்வாய்க்கிழமை நாலா வந்து நிக்கணுமாம். மணிக்கு ஒரு தடவை மடக்கச் சொல்லி, என் போன்லயே மணி வெச்சு விட்டாங்க. பூட்டு பழுது பார்க்க விடமாட்டேங்குது, கத்திக்கிட்டே இருக்கு."

சொல்லி முடிக்குமுன் அவர் சட்டைப் பையில் போன் மணி அடித்தது.

அவள் கைகள் மெல்ல முன்னால் வந்தன. ஆறு. அவளுடைய கண் ஐந்து என்று சொல்லியிருந்தது. பதினெட்டு வருஷமாகக் கண்ணால் அளந்தே பழகியவள். அளவுகோலை எடுத்து நாள் கணக்கில்லை. திரும்பிப் போகும்போது சின்னவளிடம் இது ஒன்றுக்காவது திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பூட்டுக்காரர் மணியை அணைக்காமல், அது அடித்து முடிகிறவரை விரல்களை மடக்கி நீட்டினார். பிறகு, "மீட்டர் என்ன விலை?" என்றார்.

விலையைச் சொன்னாள்.

"ரொம்ப அதிகம்."

"அசல் நூல்ங்க. துவைச்சா சுருங்காது."

"ஆஸ்பத்திரியில பழக்கமானவன், எனக்குமா?"

"அங்கே பழக்கம் வேற, இங்கே பழக்கம் வேற."

அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்து ஒதுக்கமாக நின்றான். அவள் குறைப்பாளா, எவ்வளவில் நிற்பாள் என்று பார்க்க. அவள் மீட்டர் கோலை எடுத்துத் துணியை அளந்தாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இருபது என்று இருந்தது. லைசென்ஸ் நிறுத்தி இன்றோடு நாற்பது நாள். அப்பா பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது தீர்ந்துவிட்டது. மிச்சம் இருக்கிற ஐம்பத்திரண்டு நாளும் அவளுடையவை.

"ரெண்டே கால் மீட்டர்" என்றாள். "விலையில குறைக்க முடியாது. கொசுறா ஒரு பொத்தான் கூடத் தர்றேன். அதை அந்த விரலால எடுத்துக்குங்க."